குண்டு எங்கே போய் நிற்கும்

மாப்ளை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தது அவர் வீட்டின் வரைபடம். டாலஸுக்கு வடக்கே வீடு. மாடியில் நான்கு அறை, நடுவில் நீளமாக ஒரு நடை, நடையின் ஒரு முனையில் படிக்கட்டு. தங்கையும் அவரும் தூங்கும் அறையின் வாசலில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அங்கிருந்து படிக்கட்டு வரை ஒரு கோடு.

கூடவே ஒரு குரல் பதிவு. “மச்சான், நீங்க மெக்கானிக்கல் ஆளு, உங்களுக்குத்தான் இது வரும். குட்டையா ஒரு ரைஃபிள் பாத்து வச்சிருக்கேன். பத்தரை இஞ்ச் பேரல். வீட்டுக்குள்ள திரும்ப வளைய அதான் வசதியாம். காலிபர்தான் முடிவு பண்ண முடியல. அஞ்சு புள்ளி அம்பத்தாறா, முந்நூறு பிளாக்அவுட்டா? இல்ல ஒம்பது எம்.எம். போதுமா? சும்மா யோசிச்சுச் சொல்லுங்க.”

எனக்குத் துப்பாக்கி தெரியாது. என்.சி.சி.யில் ஒரு முறை .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன், அதில் இரண்டு பக்கத்துப் பையனின் அட்டையில் இருந்தன. ஆனால் கேட்ட விதம் பிடித்திருந்தது. பம்புக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம் என்பது போலக் கேட்டார். பம்புக்குப் பதில் சொல்வது போலவே நானும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மூன்று ராத்திரி. பாலவாக்கத்தில் மொட்டை மாடியில், கொசுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் நான். எங்கள் வீட்டில் போன மார்கழியில் நடந்த ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தேன். நடுராத்திரி, கரண்ட் இல்லை, பின்பக்கம் கிரில் கேட்டை யாரோ ஆட்டினார்கள், காலையில் பார்த்தால் பூட்டில் கீறல். இவ்வளவுதான் சொன்னேன். அது பாதிக் கதை. மீதியை இந்தக் கட்டுரை எழுதும் வரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் இயற்பியல். ஒரு ரைஃபிள் தோட்டாவின் வெடிமருந்து எரிந்து முடிய நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் குழலின் நீளம்தான் கொடுக்கிறது. 5.56 மி.மீ. தோட்டா இருபது அங்குலக் குழலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சின்னக் குண்டு, நான்கு கிராம் கூட இல்லை. அது செய்யும் சேதமெல்லாம் வேகத்தால் வருவது. உடலுக்குள் போனதும் தடுமாறிப் புரண்டு, வேகம் போதுமானதாக இருந்தால் உடைந்து சிதறும். குழலைப் பத்து அங்குலமாக வெட்டினால் மருந்தின் ஒரு பகுதி குழலுக்கு வெளியே எரிகிறது. வேகம் குறைகிறது, குறைந்த வேகம் தீயாகவும் சத்தமாகவும் வெளியே வருகிறது. மூடிய அறையில் அந்தச் சத்தம் 160 டெசிபலைத் தொடும். சுட்டவரின் காதும், பக்கத்தில் தூங்கிய குழந்தையின் காதும் அதற்குப் பிறகு பழையபடி இருக்காது.

.300 பிளாக்அவுட் இந்தச் சிக்கலுக்கென்றே வந்தது. 2011-இல் முறையான அங்கீகாரம் பெற்றது. 5.56-இன் உறையையே குட்டையாக்கி, கழுத்தை அகலமாக்கி, அதில் பருத்த குண்டு ஒன்றை உட்கார வைத்திருக்கிறார்கள். மருந்து சீக்கிரம் எரிந்து விடுவதால் குட்டைக் குழலில் பெரிய நஷ்டம் இல்லை. அதே மேகசினில் போகும். அதனாலேயே ஆபத்தும் உண்டு: தவறி இதை 5.56 துப்பாக்கியில் ஏற்றிச் சுட்டால் துப்பாக்கியே கையில் வெடிக்கலாம். அலமாரியில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் இருந்தால் அரைத் தூக்கத்தில் எது எதில் போகும் என்று யார் கண்டது.

ஒன்பது எம்.எம். கைத்துப்பாக்கிக் குண்டு, ரைஃபிள் குண்டைவிடச் சாது என்று நினைத்திருந்தேன். சுவர் விஷயத்தில் அப்படி இல்லை. வேகமான லேசான குண்டு ஒரு பலகையில் பட்டதுமே தடுமாறி உடைய வாய்ப்பு உண்டு. கனமான, மெதுவான குண்டு பலகைக்குப் பின் பலகையாக நேராகப் போய்க்கொண்டே இருக்கும். சாதுவானதுதான் அதிக தூரம் போகிறது.

இங்கேதான் வரைபடத்துக்குத் திரும்பினேன். அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்பது மரச்சட்டம், அதன் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. எங்கள் வீட்டை அப்பா ஒன்பது அங்குலச் செங்கல்லில் கட்டினார். ஆணி அடிக்கவே டிரில் வேண்டும். மாப்ளை வீட்டில் ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தலாம். ஒரு மனிதனை நிறுத்தக்கூடிய எந்தக் குண்டும் அந்தச் சுவரை மதிக்காது. சிவப்புக் கோட்டைப் படிக்கட்டோடு நிறுத்தாமல் நீட்டிப் பார்த்தேன். படிக்கட்டின் மேல் படியில் ஆள் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டால், அவனுக்குப் பின்னால் ஒரு ஜிப்சம் சுவர். சுவருக்குப் பின்னால் பெரியவளின் கட்டில். அவளுக்கு ஒன்பது வயது. தலை அந்தப் பக்கம் வைத்துத்தான் தூங்குவாள் என்று தங்கை அனுப்பிய பழைய போட்டோவில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கோட்டை இரண்டு டிகிரி திருப்பினால் கட்டிலுக்குத் தப்பும். அப்புறம் வெளிச்சுவர், வேலி, பக்கத்து வீட்டு சன்னல். அந்த வீட்டில் யார், எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குகிறார்கள் என்று மாப்ளைக்கே தெரியாது.

எங்கே நின்றாலும் ஒரு கோடு, கோட்டின் முடிவில் யாரோ ஒருவர் தூக்கத்தில். ஒன்பது கோடு வரைந்தேன். ஒரே ஒரு கோடுதான் சுத்தமாக இருந்தது: அவர் தரையில் உட்கார்ந்து மேல் நோக்கிச் சுட்டால்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் இதையேதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். காலிபர் சண்டையில் பாதி, எது கொல்லும் என்பது இல்லை. எது நிற்கும் என்பது. எனக்குள் இருந்த கேலியை அது கொஞ்சம் அடக்கியது. அடுத்த அறைக் குழந்தையை நினைத்துக் குண்டின் எடையைக் குறைப்பவனை வெறியன் என்று சொல்லிவிட முடியாது. அவன் ஒரு கணக்குப் போடுகிறான், அதில் அடுத்தவருக்கும் இடம் இருக்கிறது.

அந்தக் கணக்கு அவனைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் விசித்திரமானது. கல்கத்தா பக்கம் டம் டம் என்ற ஊரில் பிரிட்டிஷாரின் ஆயுதச் சாலை இருந்தது. 1890களில் கேப்டன் பெர்ட்டி-க்ளே என்பவர் அங்கே ஒரு குண்டைச் செய்தார். முனையில் ஈயம் வெளியே தெரியும், உடலில் பட்டதும் பூப்போல விரியும். வடமேற்கு எல்லையில் பழங்குடிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சிப்பாய்கள், பழைய குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, அவன் நிற்காமல் வருகிறான் என்று புகார் சொன்னதால் வந்த கண்டுபிடிப்பு. 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. தேவைக்கு மேல் கொடூரம் என்பது காரணம். பிரிட்டனின் பிரதிநிதி ஆர்டா எதிர்த்தார். நாகரிகச் சிப்பாய் ஒரு குண்டு பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழ மாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதே விரியும் குண்டு இன்று வீட்டுப் பாதுகாப்புக்குச் சிபாரிசு செய்யப்படுகிறது. அமெரிக்கப் போலீஸ் பயன்படுத்துவதும் அதுதான். காரணம் மிக நியாயமானது: விரிந்தால் உடலுக்குள்ளேயே நின்றுவிடும், பின்னால் இருப்பவரைத் தொடாது. எதிரி நாட்டுச் சிப்பாய்க்கு ஆகாத குண்டு வீட்டுக்குள் வந்தவனுக்கு ஆகும், ஏனென்றால் அது பக்கத்து அறைக் குழந்தையிடம் கருணையாக இருக்கிறது. அந்தக் கருணையின் முழுச் செலவையும் முன்னால் நிற்கும் உடம்பு தருகிறது. உட்கார்ந்து யோசித்தால் இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. வந்தவன் அந்த ஆபத்தை உண்டாக்கினான், ஆகவே செலவும் அவனுடையது என்பது சரியான வாதம்தான். வந்தவன் அவன்தான் என்றால்.

எஃப்.பி.ஐ.யின் சோதனை ஒன்று உண்டு. 1986-இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் அவர்களின் குண்டு ஒருவனின் உடலில் போதுமான ஆழம் போகாமல் நின்றது. அதற்குப் பின் அவன் சுட்டதில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள். அதிலிருந்து ஒரு அளவு: ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகம் 18 அங்குலம் போக வேண்டும். மனிதத் தசைக்குப் பதிலாக ஜெலட்டின். மாம்பழ ஜெல்லி நிறத்தில் ஒரு செங்கல். காலிபர் பற்றிய எல்லா வீடியோக்களிலும் அந்தக் கட்டிதான் வருகிறது, மெதுவாக நடுங்குகிறது, உள்ளே குண்டின் பாதை வெள்ளையாகத் தெரிகிறது. மூன்றாவது ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கட்டிக்கு முகம் இல்லை. முகம் இல்லாமல் இருந்தால்தான் கணக்கு வரும்.

மாப்ளை இருக்கும் நாட்டில் இதெல்லாம் கடையில் நடக்கும் பேச்சு. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே 1934 சட்டம். அதற்கு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வரியும் பூஜ்யம். பதிவு மட்டும் மிச்சம். “ஃபிரீ ஆயிடுச்சு மச்சான்” என்று இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

நம் ஊரில் அவர் கேட்ட கேள்விக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்குவதே குற்றம். காலிபரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அரசு ஏற்கனவே தேர்ந்தெடுத்து விட்டது: கைத்துப்பாக்கி என்றால் கான்பூர் .32, ரைஃபிள் என்றால் ஈஷாப்பூர் .315, இல்லையென்றால் பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். ராணுவமும் போலீசும் பயன்படுத்திய .303, 9 எம்.எம். எல்லாம் தடை செய்யப்பட்ட வகை. .315-ஐ யாரும் ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசாங்கத்தின் தோட்டா குடிமக்கள் கையில் ஓடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு தோட்டா உறையில் தடவிய கொழுப்பிலிருந்து 1857 கிளம்பியது; 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. போலீசுக்கும் காவலாளிக்கும்கூட .303-ஐக் கொடுக்கப் பயந்து, அதையே .410 மஸ்கட்டாக மாற்றி, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி செய்து கொடுத்தார்கள். யாரிடம் எந்த அளவு இருக்கலாம் என்பது ஆள்பவனுக்கு எப்போதும் தெரிந்த கேள்வி. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். திருடன் தேர்தல் முடியும் வரை காத்திருப்பான் என்று நம்பிக்கை போல.

ஆனால் சட்டம் துப்பாக்கியைத் தர மறுத்தாலும், தற்காத்துக்கொள்ளும் உரிமையை மறுக்கவில்லை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது உயிர் போனாலும் குற்றமாகாத நிலை உண்டு; பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதை அடுத்து, 44-ஆம் பிரிவில் ஒன்று இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 106. அதற்கு ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், மெக்காலே குழு எழுதத் தொடங்கி 1860-இல் சட்டமானதிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. ஒருவனைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது. கும்பலில் குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆபத்தில்லாமல் அவனால் சுட முடியாது, சுடாமல் பிழைக்க முடியாது. அவன் சுட்டுக் குழந்தைக்கு அடிபட்டால் அது குற்றமில்லை.

இதை நான் நாலைந்து தடவை படித்தேன். சட்டம் மன்னிக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மன்னிக்க எதுவும் இல்லை என்கிறது. நீதிமன்றத்துக்கு அது போதும். ஆனால் அந்த உதாரணத்தில் வரும் ஆள் வீட்டுக்குப் போகிறான் இல்லையா? அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடுவானா? அது சட்டப் புத்தகத்தில் இல்லை, இருக்கவும் கூடாது. மாப்ளை வரைந்த கோட்டின் முடிவில் இருப்பது அந்த உதாரணத்தில் வரும் குழந்தை. ஒரே வித்தியாசம், மெக்காலேயின் ஆளுக்கு யோசிக்க நேரம் இல்லை. மாப்ளைக்கு மூன்று வாரம் இருக்கிறது, கடையில் தவணை வசதியும் இருக்கிறது. நேரம் இல்லாதவனுக்குக் கிடைக்கும் சலுகை, நிதானமாக உட்கார்ந்து எந்தக் குண்டு என்று தேர்ந்தெடுப்பவனுக்கும் உண்டா? சட்டத்தில் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

இதற்கு எதிர்வாதமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செங்கல் சுவருக்குள் உட்கார்ந்து நியாயம் பேசுகிறேன் என்றாகும். சுமார் பத்து வருஷம், 2005 வரை, தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஓர வீடுகளில் ஒரு வடநாட்டுக் கும்பல் புகுந்து கொள்ளையடித்தது. ‘தீரன் அதிகாரம் ஒன்று’ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே தனித்திருக்கும் வீடாகப் பார்த்து, நடுராத்திரி கதவை உடைத்து, தூங்குபவர்களை அடித்துப் போட்டுத்தான் பீரோவைத் தொடுவார்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதிரி ஒரு ராத்திரியில் வீட்டுக்காரரிடம் துப்பாக்கி இருந்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னால், “அகிம்சை” என்று பதில் சொல்ல எனக்கு வாய் வராது. இருந்திருக்கலாம். இ.சி.ஆர். அப்போது இவ்வளவு வெளிச்சமாக இல்லை. இந்தப் பக்கம் தனி வீடுகளில் இருந்தவர்கள் கதவுக்கு உள்பக்கம் இரும்புப் பட்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் தென்சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த, வீட்டுக்குள் நடந்த துப்பாக்கிச் சூடு அது இல்லை. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். டிராஃபிக் இல்லாவிட்டால் இங்கிருந்து அரை மணி நேரம். சுட்டவர் சன்னலை உடைத்து வரவில்லை. வாசல் வழியாக வந்தார், உட்கார்ந்து பேசினார், வீட்டுக்காரருக்குப் பல வருஷப் பழக்கம். எம்.ஆர். ராதா கைநீட்டும் தூரத்திலிருந்து எம்.ஜி.ஆரைச் சுட்டார், தானும் குண்டுக் காயம் பட்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருக்கும் போஸ்டர் தேர்தலில் ஒட்டப்பட்டது. அவர் குரல் கடைசி வரை மாறிப்போனது. ராதா 1979 வரை, எம்.ஜி.ஆர். 1987 வரை. இத்தனை கிட்டத்தில் இத்தனை பெரிய இரண்டு பேர், காலிபர் அட்டவணைப்படி நடந்திருக்க வேண்டியது எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும் ஆபத்தை முகமில்லாத அந்நியனாகக் கற்பனை செய்வது நமக்கு வசதி. வீட்டில் துப்பாக்கி வெடிக்கும் போது எதிரில் பெரும்பாலும் தெரிந்தவர்தான் இருக்கிறார், சில நேரம் கண்ணாடியில் தெரிகிறவரே. 1986-இல் கெல்லர்மனும் ரேயும் சியாட்டில் இருக்கும் மாவட்டத்தில் ஆறு வருஷச் சாவுகளை எண்ணினார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே அந்தத் துப்பாக்கியால் நடந்தவை 398. அதில் 333 தற்கொலை. சாகாமல் ஓடிய திருடர்களை அவர்கள் எண்ணவில்லை என்று ஒரு ஆட்சேபம் உண்டு. அது சரியான ஆட்சேபம். ஆனாலும் 333 எங்கும் போகவில்லை.

இன்னொன்று, மாப்ளைக்கு நான் அனுப்பியது. 1992 அக்டோபர், லூசியானாவில் பேட்டன் ரூஜ். யோஷிஹிரோ ஹத்தோரி, ஜப்பானியப் பையன், 16 வயது, படிக்க வந்தவன். ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகும் வழியில் வீட்டு நம்பர் மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். வெள்ளைக் கோட்டு சூட்டு, டிராவோல்டா வேஷம். வீட்டுக்காரர் .44 மேக்னம் ரிவால்வரோடு வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். பையன் சிரித்தபடி முன்னால் வந்தான். அந்தச் சொல் அவனுக்குப் புரியவில்லை என்றுதான் பலரும் எழுதினார்கள். ஒரே குண்டு. நடுவர் குழு வீட்டுக்காரரை விடுவித்தது. பிறகு சிவில் வழக்கில் நஷ்டஈடு தரச் சொன்னார்கள். அங்கே காலிபர் சரியாகத்தான் வேலை செய்தது. குண்டு பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை, யாரும் குறை சொல்ல முடியாது.

மாப்ளை பதில் போட்டார்: “அதுக்குத்தான் மச்சான் துப்பாக்கியிலேயே லைட் வருது.” வருகிறது. குழலுக்குக் கீழே டார்ச். ஆள் யார் என்று பார்க்க வேண்டுமென்றால் அவன் மேல் துப்பாக்கியை நீட்ட வேண்டும். முதலில் குறி, பிறகு அறிமுகம்.

இப்போது என் மீதிக் கதை.

அன்றைக்கு மணி இரண்டு இருக்கும். கரண்ட் போய் மின்விசிறி நின்றதில் விழித்தேன். கடல் சத்தம், அதற்கு மேல் கிரில் கேட் லொடக்கென்று ஆடும் சத்தம். இரண்டு தடவை. எங்கள் தெருவில் ராத்திரி ஆள் நடமாட்டம் புதிது இல்லை. குப்பத்திலிருந்து மூன்று மணிக்கெல்லாம் கடலுக்குப் போவார்கள். தை மாசி வந்தால் ஆமை முட்டை தேடி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை காலேஜ் பசங்கள் மணலில் நடப்பார்கள், டார்ச்சைக்கூட அதிகம் அடிக்காமல். ஆனால் யாரும் கேட்டை ஆட்ட மாட்டார்கள். கொல்லையில் அப்பா பந்தலுக்கு வாங்கிப் போட்ட ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் பயம் முழுசாக வந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்.

ஒரு ஆள் கிணற்றுப் பக்கத்திலிருந்து வந்தான். நிழல்தான். என்னைவிடக் குட்டை. தோளில் ஏதோ தொங்கியது. சத்தம் போடாமல் வந்தான், அதுவே எனக்குச் சாட்சியாக இருந்தது. பைப்பைத் தோளுக்கு மேல் தூக்கினேன். தலையில்தான் அடிக்கப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. கை நடுங்கவில்லை, இப்போது யோசித்தால் அதுதான் பயமாக இருக்கிறது. உள்ளே ஒரு குரல், இவன் நிற்க மாட்டான், இவன் நிற்க மாட்டான் என்றது. ஹேக் மாநாட்டில் பேசியவரின் குரல் என்று இப்போது வேண்டுமானால் சொல்லலாம். அப்போது அது என் குரல்.

வாசற்படியில் கால் வைத்த நிழல் இருமியது.

முப்பது வருஷமாகக் கேட்கும் இருமல். முதலில் ஒரு வறட்டுச் சத்தம், பிறகு இரண்டு சின்னது. அப்பா எனக்கு முன்னாலேயே விழித்து, சத்தம் கேட்டு, எங்களை எழுப்பாமல் தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தோளில் தொங்கியது துண்டு. பைப்பைக் காலுக்குப் பின்னால் மறைத்தேன்.

“யாரு?” என்றார்.

“நான்தாம்ப்பா. தண்ணி குடிக்க வந்தேன்.”

“பூனையா இருக்கும். போய்ப் படு.”

பூட்டில் கீறல் இருந்தது நிஜம். பழைய கீறலா, அன்றையதா என்று தெரியவில்லை. வந்தது யார் என்றும் இன்று வரை தெரியாது. ஒருவேளை நிஜமாகவே திருடனாக இருந்து, அப்பா போனதில் ஓடியிருக்கலாம். அப்படியானால் எங்களைக் காப்பாற்றியது ஒரு துண்டும் இருமலும்.

பைப்பைத் தூக்கி இறக்க ஒரு ஆள் ஒரு அடி முன்னால் வர வேண்டும், மூச்சை இழுக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் இருமல் வந்தது. துப்பாக்கிக்கு ஒரு விரல் போதும், இரண்டு மூன்று கிலோ இழுவை. எந்தக் காலிபராக இருந்தாலும் அந்த இருமலைவிட வேகம்.

இதை ஞாயிற்றுக்கிழமை மாப்ளையிடம் போனில் சொன்னேன். வரைபடத்தில் நான் வரைந்த ஒன்பது கோடுகளையும் அனுப்பியிருந்தேன், கூடவே எது எந்தச் சுவரில் எப்படிப் போகும் என்று ஒரு அட்டவணையும். கேட்ட கேள்விக்கு அது நேர்மையான பதில் என்று நினைத்தேன். கதையைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“மாமாகிட்ட சொன்னீங்களா மச்சான்?”

“இல்ல மாப்ள.”

“சொல்லாதீங்க.”

அவர் வாங்குவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது அவர் வீடு. அவர் பயத்தை இங்கிருந்து அளக்க என்னிடம் கருவி இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை உடைத்தார்கள் என்று தங்கையும் சொல்லியிருக்கிறாள்.

போனைத் தங்கை வாங்கினாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அண்ணா, நான் ராத்திரி தண்ணி குடிக்கக் கீழ போனா லைட்டே போடறதில்ல, பசங்க முழிச்சுக்கும்னு. இனிமே போடணுமா?”